திருமதி புரூயிட்டின் கைத்தவறு

மளிகைக் கடையில் வரிசையில் நிற்கும்போது யாராவது ஒரு பெண் ரீனா டால்சனை உற்றுப் பார்ப்பாள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு கிட்டே வந்து, "நீங்க எங்க சர்ச்சுக்கு வர்றவங்கதானே?" என்பாள். இல்லையென்றால் பல் வைத்தியரிடம் இருக்கிற நர்ஸா, பையனுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பாள். ரீனா விடை சொல்லவே மாட்டாள். "இருக்கலாம்" என்று சிரித்துவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். முந்தின வாரம்தான் அந்தப் பெண் தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, தொலைக்காட்சியில் குதிரைத் திருடர்கள் சுட்டு ரீனா வாசற்படியில் சாய்ந்து சாவதைப் பார்த்திருப்பாள்.

லாஸ் ஏஞ்சலஸில் ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவளுக்கு அந்த மாதிரி வேலைதான் கிடைத்தது. ஷெரீப்பின் அக்கா, கொலை நடந்த வீட்டு வேலைக்காரி, டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டியதும் அழ வேண்டிய தாய். அழுகை வேண்டும் என்றால் ரீனாவைக் கூப்பிடு என்பார்கள். விளக்கு வைத்து முடித்ததும் அழுவாள், இயக்குநர் போதும் என்றதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போவாள்.

அவளுடைய சொந்தப் பெயர் ராக்னா டாலெஃப்சன். வடக்கு டகோட்டாவில் கோதுமை விளைவித்த நார்வேக்காரர் குடும்பம். புழுதிக் காற்று அடித்த வருஷங்களில் நிலம் போயிற்று, பிறகு அப்பா போனார். அவள் மினியாபொலிஸ் போய் வானொலி நாடகத்தில் சேர்ந்தாள். "இந்தப் பேர அறிவிப்பாளர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாடகம் முடிஞ்சிரும்மா" என்று அங்கே ஒருவர் பெயரை வெட்டி ரீனா டால்சன் ஆக்கினார். டிரம்பெட் வாசிக்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவன் வாத்தியக் குழுவோடு சுற்றுப்பயணம் போனவன், திரும்பி வரவில்லை. அவனைத் தேடி அவள் போகவும் இல்லை. மேற்கே தொலைக்காட்சி வந்துவிட்டது, ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயில் ஏறினாள்.

முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. வாரா வாரம் நேரடியாக ஒளிபரப்பாகிற 'டன் குடும்பம்' என்ற சிரிப்பு நாடகத்தில் பக்கத்து வீட்டுக்காரி திருமதி புரூயிட் வேடம். கதவைத் தட்டாமல் சமையலறைக்குள் நுழைவாள், சர்க்கரை கடன் கேட்பாள், கடன் கேட்க வந்ததை மறந்துவிட்டு ஊர் வம்பு பேசுவாள், அடுப்பில் எதையாவது கருக விடுவாள். எழுதிக் கொடுத்தது இரண்டு மூன்று வரிதான். ஆனால் அவள் நுழைகிற விதத்துக்கே அரங்கம் சிரிக்க ஆரம்பித்துவிடும். இப்போது கடையில் பெண்கள் தயங்கவில்லை. "திருமதி புரூயிட்!" என்று தூரத்திலிருந்தே கூவினார்கள்.

நாடகத்துக்குக் காசு போட்டவர்கள் ஹார்த்வே அடுப்புக் கம்பெனி. நடுவில் இரண்டு நிமிஷம் அடுப்பைக் காட்டிப் பேச வேண்டும். கதாநாயகி மார்கோ லேலண்ட், "நான் நடிக்க வந்தவ. அடுப்பு வித்துத்தான் ஆகணும்னா எங்க மாமா கடையிலேயே நின்னுருப்பேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த வேலை ரீனாவின் தலையில் விழுந்தது. அவள் சந்தோஷமாகவே செய்தாள்.

1955 வசந்த காலத்தில் ஹார்த்வே ஒரு புது அடுப்பைக் கொண்டுவந்தது. தீக்குச்சியே வேண்டாம், பொத்தானை அமுக்கினால் அடுப்புக்குக் கீழே இருக்கிற ஓவன் தானே பற்றிக்கொள்ளும் என்பதுதான் அதன் பெருமை. அதற்காகவே மேடைக்கு எரிவாயுக் குழாய் இழுத்திருந்தார்கள். மதிய ஒத்திகையில் ரீனா பொத்தானை அமுக்கினாள். பற்றவில்லை. மறுபடி அமுக்கினாள், 'பக்' என்று ஒரு சத்தத்தோடு பற்றியது. அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"லென், வாயு வாடை அடிக்குது. இது மொதல் அமுக்குல புடிக்கல" என்றாள் மேடை நிர்வாகி லென் காபிடம்.

"புது அடுப்பும்மா, புதுப் பொண்டாட்டி மாதிரி. கொஞ்சம் முறுக்கிக்கும்."

"விளையாடாத. வேற அடுப்பு இருக்கா?"

லென் கம்பெனி ஆள் தேயரைப் பார்த்தான். தேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பொத்தான அழுத்தமா அமுக்குங்க மேடம். பெண்களுக்கு விரல்ல பலம் கம்மி, அவ்வளவுதான்" என்றார்.

ஒளிபரப்புக்குச் சற்று முன்னால் அவள் இன்னொரு தடவையும் லென்னிடம் சொன்னாள். அவன் காதில் ஒலிக்கருவி மாட்டியிருந்தான், தலையை மட்டும் ஆட்டினான்.

கேமரா முன்னால் முதல் அமுக்கில் அடுப்பு பற்றவில்லை. ரீனா சிரித்துக்கொண்டே பேச்சை இழுத்தாள். ஓவன் கதவைப் பாதி திறந்து, உள்ளே கோழி எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள் என்று குனிந்து காட்டினாள். இரண்டாவது தடவை அமுக்கினாள்.

தீ கதவு வழியாக வெளியே வந்தது. வலது கை, கழுத்து, காதோரத் தலைமுடி. நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு வெளிச்சமும் ஒரு பெண்ணின் கையும் மட்டும்தான் தெரிந்தது. கேமராவைச் சட்டென்று வாத்தியக் குழுவின் பக்கம் திருப்பிவிட்டார்கள். அவர்கள் வாசித்தார்கள். அந்தச் சத்தத்தின் அடியில் ரீனா கத்துவதை அரங்கத்தில் இருந்தவர்கள் மட்டும் கேட்டார்கள். ஒப்பனைக்காரி பெர்னிஸ்தான் திரைச்சீலையைப் பிடுங்கி அவள்மேல் போட்டு உருட்டினாள்.

ஆஸ்பத்திரிக்குத் தயாரிப்பாளர் மில்ட் கிராஸ்னர் ஒரு கூடைப் பூவோடு வந்தார். கூடவே தேயரும் வந்தார். மில்ட் அழுகிற நிலையில் இருந்தார். தேயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முகத்துக்கு ஒண்ணும் ஆகல. கடவுள் கருணை" என்றார் தேயர்.

"நான் ரெண்டு தடவ சொன்னேன்" என்றாள் ரீனா.

"சொன்னீங்க. இங்க யாரும் இல்லங்கல. ஆனா அடுப்பு கெட்டதுன்னு ஜனங்க மனசுல விழுந்துட்டா கம்பெனி நாடகத்த விட்டுரும். நாடகம் போனா மில்ட் போறார், லென் போறான், அந்த ஒப்பனைக்காரம்மா போறாங்க. யோசிச்சுப் பாருங்க. திருமதி புரூயிட் எதையும் கருக விடுறவதானே? அதுதானே அவ குணம்? அடுத்த வாரம் நீங்க வந்து நின்னு, என் கைத்தவறுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாப் போதும்."

ரீனா மில்ட்டைப் பார்த்தாள். "நீ என்ன சொல்ற மில்ட்?"

"நான் என்னத்தச் சொல்ல, ரீனா? திருமதி புரூயிட்ட புளோரிடாவுக்கு அனுப்பிட்டு வேற பக்கத்து வீட்டுக்காரிய எழுதச் சொல்றாங்க. நான்தான் கெஞ்சி நிறுத்தி வச்சிருக்கேன்."

அவர்கள் போன பிறகு பெர்னிஸ் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையில் கொண்டுவந்த ஆப்பிள் பையை டப்பென்று மேஜைமேல் வைத்தாள்.

"கைதான் வெந்துச்சுன்னு நெனச்சேன். மூளையும் வெந்துருச்சா உனக்கு?"

"உன் வேலையும்தான் போகும்னாங்க, பெர்னிஸ்."

"என் வேலையச் சாக்கா சொல்லாதடி. உனக்கு அந்தப் புரூயிட்ட விட மனசில்ல. அத நேரா சொல்லு."

பெர்னிஸ் சொன்னது நிஜம். இத்தனை வருஷம் செத்துச் செத்து விழுந்தவளை இப்போதுதான் ஜனங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அதுவும் அவளுடைய பெயர் இல்லை. அதையும் விட்டுவிட்டால் திரும்ப வாசற்படியில் போய் விழ வேண்டியதுதான்.

அடுத்த வாரம் கழுத்தில் பட்டுத் துணியும் கையில் வெள்ளைக் கட்டுமாகச் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. கைதட்டல் அடங்கியதும் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "வாயுவத் திறந்து விட்டுட்டு வம்பு பேச நின்னது யாரு? நான்! அடுப்பு என்ன பண்ணும் பாவம்? இவ எப்ப வாய மூடுவான்னு அதுவும் எத்தன நேரம்தான் பொறுத்துக்கும்?"

வசனத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவளே யோசித்து வைத்தது. அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஓரத்தில் தேயரும் சிரித்தார். புது அடுப்பு கடைகளில் நிற்காமல் விற்றது.

கிறிஸ்துமஸ் தாண்டி ஒரு மழை நாள் காலையில் அவள் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். நாற்பது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்திருந்தார்.

"மன்னிக்கணும் மேடம். எம்மெட் ரவுஷ்னு பேரு. ஒஹையோலேர்ந்து வர்றேன். ரயில்வே பட்டறையில வேலை. உங்க விலாசம் கேட்டு ஸ்டுடியோ வாசல்ல நின்னேன். ஒரு அம்மா குடுத்தாங்க."

பெர்னிஸ்தான் கொடுத்திருக்க வேண்டும். ரீனா அவரை உள்ளே உட்கார வைத்துக் காப்பி ஊற்றினாள். அவர் கோப்பையைத் தொடவில்லை.

"என் வீட்டுக்காரி ஓபல். உங்க நாடகம்னா அவளுக்கு உயிர். உங்களப் பாத்துத்தான் அந்த அடுப்ப வாங்கணும்னா. பொறந்த நாளுக்கு வாங்கிக் குடுத்தேன். ஆரம்பத்துலேர்ந்தே ஒரே அமுக்குல புடிக்காது. வாடை வருது, கடைக்காரனக் கூப்பிடலாம்னு சொன்னேன். அதுக்கு அவ, 'நானும் திருமதி புரூயிட் மாதிரி வாயுவத் திறந்து விட்டுட்டு வம்பு பேசப் போயிட்டேன் போல'ன்னு சொல்லிச் சிரிச்சா. நானும் சேந்து சிரிச்சேன்."

அவர் தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"நவம்பர்ல வெடிச்சுது. சமையலறைச் செவுரே இல்ல. எங்க பொண்ணு ஜோலீன் ஊஞ்சல்ல ஆடிக்கிட்டிருந்தா, அதனால பொழச்சா. கம்பெனில கேட்டா உங்க மனைவியோட கவனக்குறைவுங்கறாங்க. நான் சண்டை போட வரல மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அது நெசமாவே உங்க கைத்தவறுதானா? ஆமான்னு சொன்னீங்கன்னா நான் பேசாம ஊருக்குப் போயிடறேன்."

"ஆமா" என்றாள் ரீனா.

அவளுக்கே அது யார் குரலோ என்று இருந்தது. "சரி மேடம். நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி" என்று எழுந்தார். போகும்போது கதவைச் சத்தம் இல்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

ரீனா அந்தக் காப்பிக் கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் கொட்டினாள். கோப்பை கைநழுவி உடைந்தது. அடுத்த நிமிஷம் வீட்டுச் செருப்போடு, குடை இல்லாமல், தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். அவர் முனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல" என்றாள் மூச்சு வாங்க. "என் தப்பு இல்ல. அடுப்பு புடிக்கல. நான் சொன்னேன், யாரும் கேக்கல. அதுக்கப்புறம் சிரிச்சுக்கிட்டே பொய் சொன்னேன்."

அவர் அவளை அடித்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் அடிக்கவில்லை. பஸ் வந்து, கதவு திறந்து மூடி, போயிற்று. இருவரும் மழையில் நின்றார்கள்.

"இத நீதிபதி முன்னால சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"சொல்றேன்."

சாட்சி சொல்லப் போகிறாள் என்று கேட்டதும் மில்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "போகாத ரீனா. போனா இங்க திரும்பி வர முடியாது. அந்தம்மா செத்தது செத்ததுதான். நீ போய்ச் சொல்றதால எழுந்து வந்துரப் போறாங்களா?"

"நான் சிரிச்சத நம்பித்தான் அவ சிரிச்சிருக்கா, மில்ட்" என்றாள் ரீனா. மில்ட்டுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. புரிந்தாலும் அவரால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை.

ஒஹையோவில், எம்மெட் கம்பெனிமேல் போட்ட வழக்கு நடந்த நகரத்தில் அவளைப் பார்க்கவே ஒரு கூட்டம் கூடியது. சிலர் கையெழுத்து கேட்டார்கள். சாட்சிக் கூண்டில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஒத்திகை, வாடை, லென்னிடம் சொன்னது, தேயர் ஆஸ்பத்திரியில் வந்து பேசியது. கழுத்துத் துணியை அவிழ்த்துத் தழும்பைக் காட்டினாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கம்பெனி வக்கீல் கோபப்படவே இல்லை. ஒரு திரையைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வாரத்து ஒளிபரப்பைப் படச்சுருளில் எடுத்து வைத்திருந்தார்கள். விளக்கை அணைத்தார்கள். கட்டுப் போட்ட கையோடு திருமதி புரூயிட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். 'அடுப்பு என்ன பண்ணும் பாவம்?' என்றாள். ஜூரியில் ஒரு பெண் தன்னை மறந்து சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எம்மெட் தலையைக் குனிந்துகொண்டார்.

விளக்கு வந்ததும் வக்கீல் கேட்டார். "நீங்க அழுகைக்குப் பேர் போனவங்கன்னு கேள்விப்பட்டேன். சரிதானே?"

"அது என் தொழில்."

"அன்னிக்கு நடிச்சீங்களா, இன்னிக்கு நடிக்கிறீங்களா?"

"அன்னிக்கு நடிச்சேன்."

"ரொம்ப நல்லாவே நடிச்சிருக்கீங்க மேடம். நாடே நம்பிருச்சு. அப்போ இன்னிக்கு நடிச்சாலும் எங்களால கண்டுபுடிக்க முடியாதுதானே?"

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொன்னாலும் அது வசனம் மாதிரியே கேட்கும் என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கூண்டை விட்டு இறங்கினாள். அடுத்து லென் காப் வந்தான். வாடை அடிக்கிறது என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று, அவள் முகத்தைப் பார்க்காமல், சத்தியம் செய்துவிட்டு இறங்கினான்.

ஓபல் ரவுஷ் தன் கவனக்குறைவால் இறந்தாள் என்று தீர்ப்பு வந்தது.

நீதிமன்றப் படிக்கட்டில் எம்மெட் தொப்பியை மாட்டிக்கொண்டார். பக்கத்தில் ஜோலீன் நின்றாள், ஆறு வயது, முன்பல் இல்லை. "நீங்க வந்தீங்க. அது போதும்" என்றார் அவர். அது போதாது என்று இருவருக்கும் தெரியும். அந்தக் குழந்தை ரீனாவை ஏறிட்டுப் பார்த்தது. "திருமதி புரூயிட், சர்க்கரை வேணுமா?" என்று கேட்டது. எம்மெட் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக இறங்கிப் போனார்.

திருமதி புரூயிட்டை ஒரே வரியில் புளோரிடாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரமே வேறொரு பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்டு வந்தாள். அதன்பின் ரீனாவுக்குக் கிடைத்ததெல்லாம் கழுத்துவரை மூடின உடுப்போடு தூரத்தில் நிற்கிற வேடம், பிறகு முதுகை மட்டும் காட்டுகிற வேடம், பிறகு அதுவும் இல்லை. எந்த ஸ்டுடியோவும் அவளைக் கூப்பிடாதே என்று எழுதி ஒட்டவில்லை. தொலைபேசி அடிப்பது நின்றது, அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து ஹார்த்வே அந்த அடுப்பைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு, பற்றாவிட்டால் வாயு தானே அடைத்துக்கொள்கிற ஒன்றை விற்க ஆரம்பித்தது. இன்னும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். முந்தினது எவ்வளவு பாதுகாப்பாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பெர்னிஸின் தம்பி பர்பாங்கில் துணி வெளுக்கும் கடை வைத்திருந்தான். அங்கே கல்லாவுக்குப் பின்னால் நின்று, கோட்டுகளுக்குச் சீட்டுக் குத்தி, வருஷங்களைக் கழித்தாள். "பார்வையாளர் வரிசையா வந்து ஆளுக்கொரு கோட்டு நீட்டிட்டுப் போறாங்க. கைதட்டல்தான் இல்ல" என்று பெர்னிஸ் கேலி செய்வாள். ரீனாவும் சிரிப்பாள். தலை நரைத்தது. பெர்னிஸ் புற்றுநோயில் போனாள். பழைய கௌபாய் படங்களை மதிய நேரங்களில் திரும்பத் திரும்பப் போட்டார்கள், அதில் ரீனா இன்னும் செத்துக்கொண்டிருந்தாள். கடையில் யாரும் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் கோடையில் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். அவள் கையில் துணி எதுவும் இல்லை.

"நான் ஜோலீன். எம்மெட் ரவுஷோட பொண்ணு."

ரீனா கையிலிருந்த சீட்டுகளைக் கீழே வைத்தாள். "அப்பா எப்படி இருக்கார்?"

"மார்ச்ல போயிட்டார்."

குழந்தை மேஜைமேல் இருந்த மணியைத் தட்டியது. ஜோலீன் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா கடைசிவரைக்கும் ஒரே பாட்டுத்தான். யார் என்ன பண்ணியிருந்தாலும் உங்கம்மா விதி அப்படித்தான் முடிஞ்சிருக்கும், யார்மேலயும் கோவம் வச்சுக்காதன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். எனக்கு அது உண்மையான்னு தெரியணும். அந்த வாரம் நீங்க தொலைக்காட்சில வந்து உண்மைய சொல்லியிருந்தா, எங்கம்மா அந்த அடுப்ப வாங்கியிருப்பாங்களா?"

கடையின் பின்பக்கம் இயந்திரத்தின் ஆவிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் எதை எதிர்பார்க்கிறது என்று ரீனாவுக்குத் தெரியவில்லை. ஆறுதலாகச் சொல்ல ஆயிரம் வார்த்தை இருந்தது. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் கண் கலங்க வேண்டும் என்பதுகூட அவளுக்கு மறந்துவிடவில்லை.

"வாங்கியிருக்க மாட்டாங்க" என்றாள். "இப்ப உயிரோட இருந்திருப்பாங்க."

ஜோலீன் குழந்தையின் கையை விட்டாள். அழவில்லை. "இத யாருமே எங்கிட்ட சொன்னதில்ல" என்றாள் கடைசியில். பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

ரீனா டால்சன் மூன்று வருஷம் கழித்து, நிமோனியா கண்டு, நகரசபை ஆஸ்பத்திரியில் இறந்தாள். புதைக்கக் கொண்டுபோகும்போது கூட இருந்தது பெர்னிஸின் தம்பியும் அவன் மனைவியும் மட்டும்தான். கல்லில் எந்தப் பெயரைப் போடுவது என்று கல்லறை ஆள் கேட்டான். ராக்னா என்ற பெயர் அவர்கள் யாருக்கும் தெரியாது.